கையால் நகர்த்துவதா, தானாக நகர விடுவதா: ஐபிஎம் ஸ்டோரேஜ் விர்ச்சுவலைஸ் மதிப்பீடு

பழைய ஸ்டோரேஜ் பெட்டியைக் காலி செய்தாக வேண்டும்; அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நிறுத்தவும் கூடாது. இந்தச் சிக்கலுக்கு ஐபிஎம் 2003-இல் கொடுத்த விடைதான் எஸ்விசி (சான் வால்யூம் கன்ட்ரோலர்). சர்வர்களுக்கும் டிஸ்க் பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதை சர்வருக்குத் தெரியாமல் மறைப்பது அதன் வேலை. அதே மென்பொருள்தான் இன்று ஐபிஎம்மின் ஃபிளாஷ்சிஸ்டம் ஸ்டோரேஜ் பெட்டிகளிலும் ஓடுகிறது. இப்போதைய பெயர் ஸ்டோரேஜ் விர்ச்சுவலைஸ். முந்தைய பெயரான ஸ்பெக்ட்ரம் விர்ச்சுவலைஸ் இன்னும் பலர் வாயில் நிற்கிறது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிர்வாகி தன் கையால் வால்யூமை, அதாவது சர்வருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரிவதை, நகர்த்தும் வசதி இதில் மிகச் சிறப்பாக இருக்கிறது. ஆனால் பெட்டியோடு வரும் இயல்பு அமைப்புகளை அப்படியே விட்டால் அந்தச் சிறப்பு வெளியே தெரியாது. தானாக நகர்த்தும் ஈஸி டியர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அது எந்த வேலை என்பதில்தான் பலருக்குக் குழப்பம். டிஸ்க்குகளின் தொகுப்பான ஒரு பூலுக்குள் எந்தத் தரவுத் துண்டு எந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அது முடிவு செய்யும். எந்த வால்யூம் எந்தப் பூலில் இருக்க வேண்டும் என்ற முடிவு என்றைக்கும் மனிதருடையது.

அடிப்படை எளியது. டிஸ்க் அணிகள் சேர்ந்து ஒரு பூல். பூலை எக்ஸ்டென்ட் எனப்படும் சம அளவுத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். அந்தத் துண்டுகளின் பட்டியலே வால்யூம். நகர்த்துவது என்றால் துண்டை வேறிடத்துக்கு நகலெடுத்து, பட்டியலில் முகவரியை மாற்றுவது. வால்யூமின் அடையாள எண் மாறாது என்பதால் ஹோஸ்ட், அதாவது சர்வர், எதையும் உணராது. எக்ஸ்டென்ட் அளவு 16 எம்பி முதல் 8192 எம்பி வரை. பூலை உருவாக்கும்போது தேர்ந்தெடுத்ததைப் பிறகு மாற்ற முடியாது. ஒரு சிஸ்டத்தில் மொத்தம் 41,94,304 எக்ஸ்டென்ட்தான் என்பதால், 16 எம்பி வைத்தால் 64 டிபியோடு கதை முடிந்துவிடும். 1 ஜிபி வைத்தால் 4 பிபி வரை போகலாம். இந்த ஒரு தேர்வு பின்னால் நகர்த்தும் வழியையும், ஈஸி டியரின் கூர்மையையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

கையால் நகர்த்த முதல் வழி மைக்ரேட்விடிஸ்க் கட்டளை. வால்யூம் பெயர், போய்ச் சேர வேண்டிய பூல், எத்தனை த்ரெட் என்று மூன்றைச் சொன்னால் போதும். த்ரெட் 1 முதல் 4 வரை, சொல்லாவிட்டால் 4. முன்னேற்றத்தை எல்எஸ்மைக்ரேட் கட்டளை சதவீதத்தில் காட்டும். வேகமானது, கூடுதல் தயாரிப்பு எதுவும் வேண்டாம். ஆனால் நிபந்தனைகளைப் படிக்காமல் தொடங்கினால் கையைச் சுடும்.

இரண்டு பூல்களின் எக்ஸ்டென்ட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 256 எம்பி பூலிலிருந்து 1 ஜிபி பூலுக்குக் கட்டளை மறுக்கப்படும். டேட்டா ரிடக்ஷன் பூலில் (தரவைச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்தும் பூல்) உள்ள தின் (எழுதிய அளவுக்கே இடம் எடுக்கும்), கம்ப்ரெஸ்ட் (சுருக்கப்பட்ட) வால்யூம்களுக்கும் இது செல்லாது. இவை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் தடைகள், அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து அடுத்தவற்றில்தான்: தொடங்கிய பிறகு நிறுத்தவோ, இடைநிறுத்தவோ, பின்வாங்கவோ வழியில்லை. நகர்வு நடந்துகொண்டிருக்கும் வரை வால்யூமின் ஒரு பாதி பழைய பூலிலும் மறுபாதி புதிய பூலிலும் கிடக்கும். இரண்டில் எது ஆஃப்லைன் ஆனாலும் வால்யூம் ஆஃப்லைன். வயதான பெட்டியிலிருந்து ஓடிவரத்தான் நகர்த்துகிறோம்; அந்த நேரத்திலேயே இரண்டு பெட்டிகளின் நலத்துக்கும் வால்யூமைக் கட்டிப்போடுவது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

இன்னொன்று: தொடங்கும்போது போகுமிடத்தில் இடம் இருக்கிறதா என்று சிஸ்டம் பார்க்கும். ஆனால் அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காது. நகர்வு நடக்கும்போது வேறொருவர் அதே பூலில் புது வால்யூம் உருவாக்கினாலோ, தின் வால்யூம்கள் வளர்ந்தாலோ இடம் தீர்ந்து, நகர்வு அந்தரத்தில் நின்று பிழை பதிவாகும். அப்போது பூலில் புது டிஸ்க் அணி சேர்க்க வேண்டும், அல்லது வேறு வால்யூம்களை வெளியேற்ற வேண்டும். பெரிய நகர்வு நடக்கும் நாட்களில் அந்தப் பூலில் புது வால்யூம் உருவாக்கக் கூடாது என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது வழிதான் எங்கள் பரிந்துரை: வால்யூம் மிரரிங். ஆட்விடிஸ்க்காப்பி கட்டளையால் புதிய பூலில் இரண்டாவது நகலைச் சேர்த்து, சிங்க் (இரண்டு நகலும் ஒன்றுபோல் ஆவது) முடிந்ததும் பழைய நகலை நீக்குவது. எக்ஸ்டென்ட் அளவு வேறுபட்டாலும் பரவாயில்லை. தடித்த, அதாவது முழு இடத்தையும் முன்பே ஒதுக்கிய, வால்யூமை தின் ஆக்கலாம், கம்ப்ரெஸ்ட் ஆக்கலாம், டேட்டா ரிடக்ஷன் பூலுக்குள் கொண்டுபோகலாம். எந்த நொடியிலும் ஆர்எம்விடிஸ்க்காப்பி போட்டுப் புது நகலைத் தூக்கியெறிந்துவிட்டுப் பழையபடி இருக்கலாம். புதுப் பெட்டி பாதியில் விழுந்தாலும் பழைய நகலில் வால்யூம் ஓடிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு என்ற ஒரே அளவுகோலில் பார்த்தாலும் மைக்ரேட்விடிஸ்க் இதற்குப் பக்கத்தில் வராது.

பின் ஏன் இதை மெதுவானது என்று சொல்கிறார்கள்? சிங்க்ரேட் காரணம். இது 0 முதல் 150 வரை போகும் ஓர் எண், இயல்பாக 50. அந்த 50-க்குப் பொருள் வினாடிக்கு 2 எம்பி. ஆம், இரண்டே எம்பி. 4 டிபி வால்யூம் அந்த வேகத்தில் சிங்க் ஆக 24 நாளுக்கு மேல் பிடிக்கும். திரையில் 1 சதவீதம் அப்படியே நிற்பதைப் பார்த்து, ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று ரத்து செய்துவிட்டு மைக்ரேட்விடிஸ்க்குக்குத் தாவுகிறவர்கள் உண்டு. ஃபிளாஷ் காலத்துக்கு இந்த இயல்பு மதிப்பு ஒட்டவே ஒட்டாது. ஐபிஎம் இதை மாற்றியாக வேண்டும்.

கணக்கு இப்படி: 50-க்கு மேல் ஒவ்வொரு பத்துக்கும் வேகம் இரட்டிக்கும். 51 முதல் 60 வரை 4 எம்பி, 71 முதல் 80 வரை 16, 91 முதல் 100 வரை 64, 111 முதல் 120 வரை 256, உச்சமான 141 முதல் 150 வரை 2048 எம்பி. ஒரு பத்துக்குள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் வேகம் ஒன்றுதான். 91-உம் 100-உம் வேறல்ல. அதே 4 டிபி, 80-இல் மூன்று நாள். 100-இல் சுமார் 18 மணி நேரம். 120-இல் நாலரை மணி நேரம். இது வால்யூம் ஒவ்வொன்றுக்குமான வேகம் என்பதை மறக்கக் கூடாது. பத்து வால்யூமை ஒரே நேரத்தில் 120-இல் விட்டால் வினாடிக்கு 2.5 ஜிபி கேட்கும். பழைய பெட்டியின் நியர்லைன் (மெதுவாகச் சுழலும்) டிஸ்க்குகள் அங்கேயே மூச்சு திணறும், பாதிப்பு உண்மையான பயனர்களின் ரெஸ்பான்ஸ் நேரத்தில் தெரியும். சிங்க்ரேட்டை ஓட்டத்தின் நடுவிலும் மாற்றலாம் என்பது இதன் பெரிய அழகு. பகலில் 80, இரவில் 110 என்று ஏற்றி இறக்கலாம். 0 கொடுத்தால் சிங்க் நின்றே விடும்.

இயல்பு அமைப்பில் இன்னொரு பொறி பிட்மேப் நினைவகம். மிரரிங்கில் எந்த 256 கேபி துண்டு சிங்க் ஆகியிருக்கிறது என்று குறித்து வைக்க நினைவகம் வேண்டும். 1 எம்பி பிட்மேப் 2 டிபி வால்யூமைத் தாங்கும். ஐ/ஓ குழு எனப்படும் ஒவ்வொரு கன்ட்ரோலர் ஜோடிக்கும் இயல்பாக 20 எம்பி, அதாவது 40 டிபி. பல வால்யூம்களை ஒரே நேரத்தில் மிரர் செய்யும்போது, பூலில் இடம் ஏராளமாக இருந்தும் கட்டளை மறுக்கப்பட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஐ/ஓ குழுவின் மிரர் நினைவகத்தைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும்.

ஆட்டோடெலீட் என்ற விருப்பம் சிங்க் முடிந்த நொடியில் பழைய நகலை அழித்துவிடும். சோதனைச் சர்வர்களின் வால்யூம்களுக்கு அது வசதி. முக்கிய வால்யூம்களுக்கு அதைத் தொடவே வேண்டாம். சிங்க் முடிந்ததும் புது நகலை முதன்மை நகலாக மாற்றுங்கள். தரவைப் படிக்கும் கோரிக்கைகள் முழுவதும் உடனே புதுப் பூலுக்குப் போகும். ஒரு முழு வேலைச் சுற்று, அதாவது பகல் சுமை, இரவு பேக்கப் இரண்டும் முடியும் வரை தாமத அளவைப் பாருங்கள். திருப்தியானால் பழைய நகலை நீக்கலாம். இல்லையென்றால் முதன்மையை ஒரே கட்டளையில் திருப்பிவிடலாம். புதுப் பெட்டியை உண்மையான சுமையில் ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல வழி இந்தப் பொருளில் இல்லை. இந்த நாட்களில் எழுதுவது இரண்டு நகலுக்கும் போய்க்கொண்டிருக்கும். இயல்பான அமைப்பில் தாமதத்துக்குத்தான் முன்னுரிமை என்பதால், ஒரு நகல் பதில் சொல்லத் திணறினால் சிஸ்டம் அதைக் கழற்றிவிட்டு மற்றதில் தொடரும். அது மீண்டதும் மாறிய துண்டுகள் மட்டும் மறுபடி சிங்க் ஆகும். எனவே பழைய நகலை நீக்குமுன் இரண்டும் சிங்க்கில்தான் இருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை பார்ப்பது கட்டாயம்.

தடித்த வால்யூமை வழக்கமான பூலில் தின் ஆக மாற்றும்போது இரண்டு விஷயங்கள். சிங்க் ஓட்டம் சுழியங்கள் நிறைந்த பகுதிகளை எழுதாமல் விட்டுவிடும். ஆனால் ஃபைல்சிஸ்டத்தில் அழித்த கோப்புகளின் மிச்சம் சுழியம் அல்ல. நகர்த்துமுன் காலியிடத்தைச் சுழியத்தால் நிரப்பினால்தான் எதிர்பார்த்த அளவு இடம் மிச்சமாகும். அடுத்தது ஆட்டோஎக்ஸ்பேண்ட், நகலைத் தானாக வளரவிடும் விருப்பம். கட்டளை வரியில் நகல் சேர்க்கும்போது இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மறந்தால் ஒதுக்கிய இடம் நிரம்பிய கணத்தில் அந்த நகல் ஆஃப்லைன். பழைய நகலை நீக்கிய சில வாரங்களுக்குப் பிறகு இது நடந்தால், நகர்வோடு அதைத் தொடர்புபடுத்திப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றாது.

ஐபிஎம்மின் ஃபிளாஷ் டிரைவ்களான ஃபிளாஷ்கோர் மாட்யூல்களுக்கு நகர்த்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவை உள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும். அதனால் பூல் காட்டும் கொள்ளளவு, உள்ளே உண்மையில் இருக்கும் இடத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். ஏற்கெனவே என்கிரிப்ட் செய்த தரவும், சுருக்கப்பட்ட பேக்கப் கோப்புகளும் இன்னொருமுறை சுருங்காது. அப்படிப்பட்ட வால்யூம்களை வரிசையாக உள்ளே தள்ளினால் பூலில் பாதி காலி என்று திரை காட்டும்போதே உண்மை இடம் தீர்ந்து, அணி எழுதவிடாமல் பூட்டிக்கொள்ளும். நகர்வின்போது பார்க்க வேண்டிய எண் அணியின் பிசிகல் கொள்ளளவு. டேட்டா ரிடக்ஷன் பூலாக இருந்தால் குப்பை சேகரிப்புக்காக 15 சதவீதமாவது காலியாக விட வேண்டும். அங்கே நீக்கிய வால்யூமின் இடமும் உடனே திரும்பாது, பின்னணியில் மெதுவாகத்தான் வரும். காலை நீக்கி மாலை அதே இடத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பூலை மாற்றாமல் டிஸ்க் அணியை மட்டும் மாற்றுவதுதான் நோக்கமென்றால், வால்யூம் வால்யூமாக நகர்த்தவே தேவையில்லை. புது அணியை அதே பூலில் சேர்த்து, பழையதை ஆர்எம்எம்டிஸ்க் ஃபோர்ஸ் விருப்பத்தோடு நீக்கினால், அதிலுள்ள எக்ஸ்டென்ட்கள் மற்ற அணிகளின் காலியிடத்துக்குத் தானே நகரும். ஃபோர்ஸ் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இங்கே அதற்குப் பொருள் தரவை அழி என்பதல்ல, தரவை நகர்த்திவிட்டு நீக்கு என்பது. போதிய காலியிடம் இல்லையென்றால் கட்டளையே மறுக்கப்படும்.

இனி ஈஸி டியர். 2010-இல் 6.1 பதிப்போடு எஸ்விசிக்கு வந்தது. ஒவ்வோர் எக்ஸ்டென்ட்டுக்கும் எவ்வளவு ஐ/ஓ (படிப்பதும் எழுதுவதும்) வருகிறது என்று 5 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, சூடானதை ஃபிளாஷுக்கு ஏற்றும், ஆறிப்போனதை நியர்லைனுக்கு இறக்கும். ஒரே அடுக்கு, அதாவது ஒரே வேக வகை டிஸ்க், மட்டும் உள்ள பூலில்கூட, சுமையை அணிகளுக்குள் சமப்படுத்தும் வேலையைப் பார்க்கும். 64 கேபிக்கு மேற்பட்ட பெரிய ஐ/ஓக்களை ஏற்றத்துக்குக் கணக்கில் எடுப்பதில்லை. இது மிக நல்ல முடிவு: இல்லாவிட்டால் இரவு பேக்கப் வால்யூம் முழுவதையும் வரிசையாகப் படிக்கும்போது எல்லாமே சூடாகத் தெரிந்து ஃபிளாஷ் குப்பையாகிவிடும்.

வேகத்துக்கு வரம்பு உண்டு. சிஸ்டம் முழுவதற்கும் இயல்பாக 5 நிமிடத்துக்கு 12 ஜிபி. நாள் முழுக்க ஓயாமல் ஓடினாலும் 3.4 டிபியைத் தாண்டாது. முடுக்கப்பட்ட முறையில் இது நான்கு மடங்காகும். புது ஃபிளாஷ் அணியைப் பூலில் சேர்த்த முதல் சில நாட்களுக்கு முடுக்கத்தை இயக்கிவிட்டு, பிறகு நிறுத்தினால் போதும். ஒரே இரவில் டேட்டாபேஸ் பறக்கும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே. மாதக் கடைசியில் மட்டும் ஆறு மணி நேரம் ஓடும் கணக்கு முடிப்பு வேலைக்கும் இது உதவாது: துண்டுகள் சூடானவை என்று புரிந்து ஏற்றி முடிக்கும்போது வேலையும் முடிந்திருக்கும், அடுத்த மாதம் வருவதற்குள் அவை மீண்டும் கீழே போயிருக்கும். அத்தகைய வால்யூமைக் கையால் ஃபிளாஷ் பூலில் வைத்துவிடுவதே சரி.

நுணுக்கமும் எக்ஸ்டென்ட் அளவோடு கட்டுண்டது. 1 ஜிபி எக்ஸ்டென்ட்டில் 8 எம்பி மட்டும் சூடாக இருந்தாலும், மிச்சம் ஆறிய பகுதி முழுவதும் கூடவே ஃபிளாஷுக்கு ஏறும். இந்த இடத்தில் போட்டி நிறுவனமான நெட்ஆப்பின் ஃபேப்ரிக்பூல் 4 கேபி பிளாக் அளவில் ஆறியதைப் பிரித்து எடுப்பது பொறாமைப்பட வைக்கிறது. ஆனால் அது ஆறியதை ஆப்ஜெக்ட் ஸ்டோருக்கு அனுப்பும் ஏற்பாடு, ஆட்டோ கொள்கையில் இயல்பாக 31 நாள் தொடப்படாததைத்தான் ஆறியது என்கிறது. சூட்டைத் துரத்தும் ஈஸி டியருக்கு நேர் போட்டி அல்ல. கையால் நகர்த்துவதில் நெட்ஆப்பின் வால்யூம் மூவ் பாதியில் ரத்து செய்ய விடுகிறது, ஆனால் கடைசியில் கட்ஓவர் என்ற சிறு இடைநிறுத்தம் உண்டு. வால்யூம் மிரரிங்கில் அப்படியொரு கணமே கிடையாது.

ஈஸி டியர் தவறாக நடப்பதாக வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது அடுக்கின் பெயர்ப்பலகை. வெளிப் பெட்டியிலிருந்து வரும் லன் (அந்தப் பெட்டி பிரித்துத் தரும் சேமிப்பிடம்) எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் என்டர்பிரைஸ் அடுக்கு, அதாவது 10,000 அல்லது 15,000 சுழற்சி டிஸ்க், என்றே பதிவு செய்யும். ஃபிளாஷ் லன்னை நிர்வாகி கையால் ஃபிளாஷ் என்று மாற்றிச் சொல்லாவிட்டால், சூடான தரவு அதைத் தேடிப் போகாது. நியர்லைன் லன்னும் அதே பலகையோடு நின்றால், 7,200 சுழற்சி டிஸ்க்கில் சூடான தரவு ஏறும். அடுத்து, இமேஜ் முறை வால்யூம்களில், அதாவது ஒரு வெளி லன்னை உள்ளது உள்ளபடியே காட்டுபவற்றில், இது எதையும் நகர்த்தாது. பூல் முழுவதும் நிரம்பிக் கிடந்தாலும் நகர இடமின்றித் தவிக்கும்.

இரண்டு முறைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மிரரிங்கால் நகர்த்தும்போது, புது நகலுக்கு ஈஸி டியர் தனிக் கணக்கு வைக்கிறது. படிக்கும் கோரிக்கைகள் முதன்மை நகலுக்கே போவதால், புது நகலின் கணக்கில் எழுதுவது மட்டுமே ஏறும். முதன்மையை மாற்றிய பிறகுதான் அது உண்மையான சூட்டைக் கற்கத் தொடங்கும். பல அடுக்குப் பூலுக்கு நகர்த்திய முதல் ஓரிரு நாட்கள் வால்யூம் மந்தமாக இருப்பது இதனால்தான், கோளாறு அல்ல. முதன்மையை வெள்ளி மாலையில் மாற்றினால், திங்கள் காலைச் சுமைக்குள் ஓரளவு படித்திருக்கும்.

வேறொரு தயாரிப்பாளரின் பழைய பெட்டியை உள்ளே கொண்டுவரும் இறக்குமதிக்கு ஒருமுறை ஹோஸ்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும்: லன்னை ஹோஸ்டிடமிருந்து எடுத்து எஸ்விசிக்குக் காட்டி, இமேஜ் முறை வால்யூமாக உருவாக்கி, ஹோஸ்டுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். இங்கேதான் இந்தப் பொருளின் மிகக் கொடிய தவறு காத்திருக்கிறது. வந்த லன் அன்மேனேஜ்டு (எந்தப் பூலிலும் சேராத) நிலையில் தெரியும். வெற்று லன்னும், டேட்டாபேஸ் உள்ள லன்னும் திரையில் ஒரே மாதிரிதான். அதை இமேஜ் வால்யூம் ஆக்காமல் வழக்கம்போல் பூலில் சேர்த்துவிட்டால் உள்ளே இருந்த தரவு போய்விடும். வரைகலைத் திரையின் ஸ்டோரேஜ் மைக்ரேஷன் வழிகாட்டியைப் பயன்படுத்துவது இதற்காகவே நல்லது. கட்டளை வரியில் செய்கிறவர்கள் ஒவ்வொரு லன்னின் அடையாள எண்ணையும் பழைய பெட்டியின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே தொட வேண்டும்.

பூல் காலியான பிறகு கழற்றும் வரிசையும் முக்கியம். முதலில் எஸ்விசியில் பழைய எம்டிஸ்க்கை (வெளி லன்னுக்கு எஸ்விசி வைக்கும் பெயர்) பூலிலிருந்து நீக்கி, அது அன்மேனேஜ்டு என்று மாறும் வரை காத்திருக்க வேண்டும். குவோரம் (கன்ட்ரோலர்கள் பிரிந்துபோனால் யார் தொடர்வது என்று தீர்மானிக்கும் பதிவு) அந்த டிஸ்க்கில் இருந்தால் வேறிடத்துக்குப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே பழைய பெட்டியில் லன் மேப்பிங்கை எடுத்து, டிடெக்ட்எம்டிஸ்க் கட்டளையை ஓட்டி, கடைசியாக ஸ்விட்ச்சில் ஸோனிங்கை (எது எதோடு பேசலாம் என்ற அனுமதி) அகற்ற வேண்டும். வரிசை தலைகீழானால், இன்னும் ஓர் எக்ஸ்டென்ட் மிச்சமிருக்கும் எம்டிஸ்க் காணாமல் போய், அந்தப் பூலும் அதிலுள்ள எல்லா வால்யூமும் ஒன்றாக ஆஃப்லைன் ஆகும். ஸோனிங்கைத் திரும்பக் கொடுத்தால் மீண்டு வரும். பெட்டியை ஏற்கெனவே மின்னிணைப்பிலிருந்து கழற்றி லாரியில் ஏற்றியிருந்தால் வராது.